பாப் யாருக்கு மாமா?

"ஆர் இந்த பாப்? ஆருக்கு மாமா?"

தேநீர் அறையில் சீனத்து அக்கா இப்படிக் கேட்டதும், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். கட்டடத்தில் பழுது பார்க்கிறவர். சற்று முன்னர்தான் அலுமாரிப் பூட்டு ஒன்றைத் திருத்திவிட்டு, "பாப்ஸ் யுவர் அங்கிள்", பாப் உன் மாமா, என்று சொன்னார். வேலை முடிந்தது, அவ்வளவுதான் என்பதற்கு இங்கே வயதானவர்கள் அப்படிச் சொல்வார்கள். அது அக்காவுக்குத் தெரியும். பாப் யார் என்பதுதான் தெரியவில்லை.

"சும்மா சொல்லுறதுதான்," என்றார் பழுது பார்க்கிறவர்.

"சும்மா ஒருத்தரை மாமா எண்டு சொல்லுவினமோ?"

அந்த மனிதரின் பிஸ்கட் தேநீருக்குள் விழுந்துவிட்டது. அப்போதும் இவர் விடவில்லை. அறையில் இருந்த ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, "உங்கட ஆக்கள்தான் காணுற எல்லாரையும் அங்கிள், அங்கிள் எண்டு கூப்பிடுறனீங்கள். இந்த பாப் உங்கட ஆளோ?" என்றார்.

நான் அவரோடு நார்த்மீட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். கீழ்த்தளத்தில் சலவை அறை. அவர் சீனாவிலிருந்து வந்தவர், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். நான் மன்னாரிலிருந்து வந்தவள், நாற்பதைத் தாண்டியிருந்தேன். முதல் நாளே, மூத்த சகோதரியை உங்கள் மொழியில் எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார். அக்கா என்றேன். "அப்ப நான் அக்கா." இளையவளை? தங்கச்சி. "நீ தங்கச்சி." அதன்பிறகு எல்லோரிடமும் தன்னை அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தார். கொஞ்ச நாளில் மேலாளர் முதல் சமையல்காரர் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். அது அவருடைய பெயர் என்றே அவர்கள் நினைத்தார்கள்.

நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலம். இரண்டு பேருடையதும் உடைந்த ஆங்கிலம். ஆனால் அவர் சொன்னவற்றை இன்று நினைக்கும்போது எனக்கு எங்கள் ஊர்த் தமிழில்தான் கேட்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

அவர் ஆங்கில வகுப்புக்குப் போய் ஒழுங்காகப் படித்தவர். வாக்கியம் அமைக்கத் தெரியும். சலவை யந்திரத்தோடு வந்த கையேட்டை என்னைவிட வேகமாக வாசிப்பார். ஆனால் மனிதர்கள் பேசத் தொடங்கினால் திகைத்துவிடுவார். "வகுப்பிலே படிப்பிச்ச இங்கிலீசை இந்த நாட்டிலே ஒருத்தரும் கதைக்கினமில்லை, தங்கச்சி. பூனை எண்டினம், சாக்கு எண்டினம், கேக் எண்டினம். பூனையும் இல்லை, கேக்கும் இல்லை."

இதைச் சமாளிக்க அவருக்கென்று ஒரு வழி இருந்தது. அது அவருடைய நாட்டு வழி. அங்கே பெரும்பாலான மரபுத்தொடர்கள் நாலே நாலு சொற்களில் அடங்கிவிடுமாம். பள்ளிக்கூடத்தில் சொல்லை மட்டும் படிப்பிக்க மாட்டார்கள், அதன் கதையையும் சேர்த்தே படிப்பிப்பார்கள். "நாலு சொல்லுக்குப் பின்னாலே ஒரு ஆள் இருப்பான். ஒரு ராசா இருப்பான். ஒரு பிழை இருக்கும்." மரக்கட்டையில் முட்டிச் செத்த முயலை எடுத்துக்கொண்டுபோன உழவன், அடுத்த முயலுக்காக மண்வெட்டியைப் போட்டுவிட்டு அந்தக் கட்டைக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்த கதையை ஒருமுறை நடித்தே காட்டினார். ஈரத் துணிக் கூடைதான் மரக்கட்டை. முயல் வராத ஏமாற்றத்தைக் கண்ணாலேயே காட்டினார். நான் சிரித்துச் சிரித்து யந்திரத்தை நிறுத்த மறந்துபோனேன்.

ஆகவே ஆங்கிலத் தொடர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆள் இருந்தே தீரவேண்டும் என்பது அவருடைய முடிவு. ரகசியம் வெளிப்பட்டால் பூனை சாக்கிலிருந்து வெளியே வந்துவிட்டது என்கிறார்களே, அந்தப் பூனையைச் சாக்குக்குள் போட்டது யார்? ஏன்? திறந்துவிட்டவனுக்கு என்ன நடந்தது? கேட்டால் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் தோளைக் குலுக்கினார்கள். "தங்கட வீட்டுச் சாமான் எங்கையிருந்து வந்தது எண்டு இவைக்கே தெரியாது," என்று அவருக்கு உண்மையாகவே கோபம் வரும். கதை கிடைக்காவிட்டால் தானே ஒன்றைக் கட்டிவிடுவார். கதை தெரியாத சொல் வாயில் நிற்காதாம். பாப்புக்கும் அப்படி ஒரு கதை கட்டினார். ஊரில் எந்தக் கதவு இறுகினாலும் பாப்பைத்தான் கூப்பிடுவார்களாம். அவர் வந்து கையை வைத்ததும் கதவு திறக்குமாம். அதனால் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் மாமாவாம்.

கதை கிடைத்ததும் அடுத்த கட்டம். அந்தத் தொடரை உயிருள்ள ஒரு மனிதரிடம் சொல்லி, உயிருள்ள ஒரு பதிலை வாங்கவேண்டும். அதுவரைக்கும் அது தன்னுடையது இல்லை என்பார். முதலில் அகப்படுவது நான்தான். பெரிய படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். நுனிகளைப் பிடித்துக்கொண்டு விலகிப் போவோம், பிறகு கிட்ட வருவோம். கிட்ட வந்து நுனிகள் சேரும் இடத்தில் அவர் ஒரு தொடரைச் சொல்வார். அடுத்த முறை சேரும்போது நான் பதில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நுனியைத் தரமாட்டார். விரிப்பைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பார்.

எனக்கு வாய் திறக்க வராது. சின்ன வயதிலேயே அப்படித்தான். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றது. இங்கே வந்தபிறகு ஆங்கிலம் இன்னும் கொஞ்சம் வாயை அடைத்துவிட்டது. மேலாளர் கேட்டால் தலையாட்டுவேன். பரமட்டா பஸ்ஸில் ஏறினால் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு போய் உட்காருவேன். அக்காவுக்கு அது பொறுக்காது. ஒருநாள் பஸ் வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்தி, "சாரதிக்கு ஏதாவது சொல்லு," என்றார். பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

"விடுங்கோ அக்கா, ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். வாயை என்ன வாடகைக்கோ எடுத்து வைச்சிருக்கிறாய்?"

அன்றைக்கு எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. தேநீர் அறையிலும் அவரைக் கண்டதும் கோப்பையோடு எழுந்து போகிறவர்கள் இருந்தார்கள். அவருக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே அடுத்த மேசைக்குப் போவார்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று எனக்கு விளங்க நாளெடுத்தது. அவர் மேல்மாடிக்குப் போக ஆசைப்பட்டார். மேல்மாடியில்தான் முதியவர்களின் அறைகள். அவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பாட்டி, சாப்பாடு கொடுக்கும் பராமரிப்பு வேலை. அதற்கான படிப்பையும் முடித்திருந்தார். "அங்கையும் முப்பது வருசம் மில்லிலே யந்திரத்தோட நிண்டனான். இங்கையும் யந்திரம். சாகிறதுக்கு முந்தி மனுசரோட வேலை செய்ய வேணும்," என்பார்.

நான் சேருவதற்கு முன்பே ஒருமுறை அவரை மேலே பரீட்சார்த்தமாக விட்டுப் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு வயதான அம்மா, நல்ல மரியாதையான அம்மா, இவரைப் பார்த்து, ஒரு பென்னி செலவழிக்கவேண்டும் என்று மெல்லச் சொல்லியிருக்கிறார். அக்கா இழுப்பறையைத் திறந்து அவருடைய கைப்பையை எடுத்து மடியில் வைத்தார். அந்த அம்மா மறுபடியும் அதையே சொன்னார். அக்கா பையைத் திறந்து சில்லறையைக் காட்டினார். அந்தக் காலத்துப் பெண்கள் கழிப்பறைக்குப் போகவேண்டும் என்பதை அப்படித்தான் சொல்வார்களாம். அக்காவுக்கு அது விளங்கியபோது கதிரை நனைந்துபோயிருந்தது. அந்த அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதாராம்.

அக்கா கீழே இறங்கிவந்து, அந்தப் பாவாடையை யந்திரத்தில் போடாமல் கையாலேயே தோய்த்திருக்கிறார். இதை எனக்குச் சொன்னபோதும் அவருடைய கை தோய்க்கிற மாதிரியே அசைந்தது. "வெக்கப்படுறதை, பயப்படுறதைத்தான் இவை இப்பிடி மூடி வைக்கினம், தங்கச்சி. மூடி திறக்கத் தெரியாமல் நான் மேலை போய் என்ன செய்யிறது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை டூங்கபியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். நான் குசினியில் நண்டு கழுவிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் மன்னாரிலிருந்து என் தங்கை போன் எடுத்தாள். வைத்துவிட்டு என் கணவரிடம், "சின்னக்காவின்ர மகள் முழுகாமல் இருக்கிறாளாம்," என்றேன்.

"என்ன செய்தி? முகம் மலருது," என்றார் அக்கா.

பிள்ளை பிறக்கப்போகிறது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அவர் விடுவாரா? நான் சொன்னதில் எந்தச் சொல் பிள்ளை, எந்தச் சொல் வயிறு என்று கேட்டார். இரண்டும் இல்லை, அவள் முழுகவில்லை என்றுதான் சொன்னேன் என்றேன்.

"குளிக்காட்டிப் பிள்ளை வருமோ?"

என் கணவர் சிரித்துக்கொண்டே வளவுக்குப் போய்விட்டார். நான் இந்தச் சொல்லைப் பிறந்ததிலிருந்து கேட்டவள். ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று யோசித்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, மாதாமாதம் தீட்டுக் கழிந்து தலைமுழுகுவது பற்றியும், அது நின்றால் என்ன அர்த்தம் என்பது பற்றியும் சொன்னேன். அக்கா மேசையில் தட்டினார். "பாத்தியா! உன்ர மொழியும் மூடித்தான் வைச்சிருக்கு."

சாப்பிடும்போது என் கணவர் தன் கூட்டாளி ஒருவரைப் பற்றிச் சொன்னார். அந்த ஆள் நிரந்தர வேலையை விட்டுவிட்டு யாரோ சொன்னதைக் கேட்டுக் கடை போட்டு நொந்துபோனவர். "அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட மாதிரி," என்றார். அக்கா கரண்டியை வைத்துவிட்டார். என்ன சொன்னீர்கள்? நான் மொழிபெயர்த்தேன்.

"எந்த அரசன்?"

"தெரியாது அக்கா."

"சரி. அந்தப் புருசன் பிறகு என்னவானான்?"

என் கணவர் நண்டுக் காலை உறிஞ்சிவிட்டு, "அவன் பிறகு நிம்மதியா இருந்திருப்பான்," என்றார். நான் அகப்பையால் ஒன்று போட்டேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் புருசன் எங்கே போனான் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவர் போனபிறகு என் கணவர் சொன்னார்: "உன்ர சீனத்து அக்கா வந்திட்டுப் போனால் எங்கட தமிழே எனக்குச் சந்தேகமாக் கிடக்கு."

இப்போது அக்கா மெல்பேர்ணில் மகளோடு இருக்கிறார். எப்போதாவது குரல் செய்தி வரும். அதிலும் கேள்விதான் இருக்கும்.

நாங்கள் ஒன்றாக வேலை செய்த காலத்தில் இல்லத்தின் மேல்மாடியில் ஒருவர் இருந்தார். ஒருகாலத்தில் ரயில் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆனால் முழுதாகப் போகவில்லை. தண்ணீர் வேண்டும் என்று அவரால் சொல்ல முடியாது. மகளின் பெயர் வாயில் வராது. வாழ்நாள் எல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய தொடர்கள் மாத்திரம் தேயாமல் மிஞ்சியிருந்தன. "நோ வொரிஸ்," "ஃபேர் இனஃப்," "நொட் ஒன் யுவர் லைஃப்." கவலையில்லை, சரி நியாயம்தான், செத்தாலும் மாட்டேன் என்பவை. அவை அச்சுப் பிசகாமல், தெளிவாக, அந்தந்தத் தொனியோடு வரும். அவருடைய மகள் வந்து பக்கத்தில் இருந்து பேசிப் பார்ப்பார். திரும்பிப் போகும்போது லிஃப்டுக்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார். மற்றவர்கள் கிழவருக்கு அன்பாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

தோய்த்த உடுப்புகளை அறைகளுக்குக் கொண்டுபோய் வைப்பது எங்கள் வேலை. அக்கா அவருடைய சட்டைகளைக் கொழுவிக்கொண்டே, புதிதாகப் பிடித்திருந்த தொடரைச் சொன்னார்: "லோங் டைம் நோ சீ." பார்த்து நெடுநாளாயிற்று என்று அர்த்தம். முந்தின நாள்தான் பார்த்திருந்தார். கிழவர் சிரித்துவிட்டார். சிரித்து, "யூ கான் சே தட் அகெய்ன்," என்றார். அதை இன்னொருமுறை சொல்லலாம், அதாவது சரியாகச் சொன்னாய் என்று அர்த்தம். அக்கா உண்மையாகவே அதை இரண்டாம் முறையும் சொன்னார். அவர் இன்னும் பலமாகச் சிரித்தார்.

அதன்பிறகு சட்டை கொழுவ இவருக்கு நெடுநேரம் எடுக்கும். அவர் ஒன்றைப் போடுவார், இவர் ஒன்றைப் போடுவார். கடதாசிச் சீட்டு விளையாடுகிற மாதிரி இருக்கும். கிழவரிடம் இருந்தது தொடர்கள் மட்டும். அக்கா சேர்த்து வைத்திருந்ததும் தொடர்கள்தான். நான் தள்ளுவண்டியோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த வருடக் கடைசியில் மேல்மாடியில் ஓர் இடம் காலியானது. மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு, ஒரு காலைப்பொழுது மேலே செய்து காட்டுங்கள், சரிவந்தால் உங்களுக்கு, இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுக்கிறேன் என்றார். நல்ல மனுசி. ஆனால் மூன்றாம் தடவை ஒன்று இருக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அன்றைக்கு அக்காவுக்குக் கொடுத்தது அந்த ரயில் ஓட்டுநரைத்தான். அவர் சில நாட்களாகக் குளிக்க மறுத்துக்கொண்டிருந்தார். யார் கூப்பிட்டாலும் "நொட் ஒன் யுவர் லைஃப்" என்று கதிரைக் கையை இறுகப் பிடித்துக்கொள்வார். மேலாளர் கதவடியில் நின்றார். நான் விரிப்பு மாற்றுகிற சாட்டில் எதிர் அறை வாசலில் நின்றேன்.

"குட் மோர்னிங். குளிக்கப் போவமோ?"

"நொட் ஒன் யுவர் லைஃப்."

"பீஸ் ஒஃப் கேக்," என்றார் அக்கா. சின்ன வேலைதான் என்று அர்த்தம். "கெதியா முடிச்சிடலாம்."

கிழவர் கண்ணைச் சுருக்கினார். இடது கையின் விரலை நீட்டி ஒரு தொடரைச் சொன்னார். அதில் பச்சை இறால் ஒன்று வந்தது. என்னை ஏமாற்றப் பார்க்காதே என்பதை இந்த நாட்டுப் பழைய ஆட்கள் அப்படிச் சொல்வார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்றைக்கு எனக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. திரும்பவும் அந்த அம்மாவின் கைப்பைபோல ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன்.

அக்கா தெரிந்தமாதிரித் தலையாட்டவில்லை. துவாயைக் கட்டிலில் வைத்தார். கதிரை ஒன்றை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"பச்சை இறாலோ? எனக்கு அது தெரியாது. ஆர் கொண்டுவந்தது? என்ன நடந்தது? கதையைச் சொல்லுங்கோ."

கிழவர் வாயைத் திறந்தார். வரவில்லை. மூடினார். மறுபடியும் திறந்தார். மேலாளர் ஒரு அடி முன்னே வந்தார், உதவிக்குத்தான். அக்கா திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி நிறுத்தினார். கிழவர் அந்த இல்லத்துக்கு வந்தபிறகு அவரிடம் யாரும் ஒரு கதை கேட்டிருக்க மாட்டார்கள். குளிப்பீர்களா, குடிப்பீர்களா என்று கேட்பார்கள், அதற்குத் தலையாட்டினால் போதும். இது தலையாட்டி முடிகிற கேள்வி இல்லை. அவருடைய கழுத்து சிவந்தது. அக்கா காத்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாத ஆள் மாதிரி, முழங்காலில் கையை வைத்துக்கொண்டு.

கடைசியில் அவருடைய இடது கை எழும்பியது. இரண்டு விரலால் எதையோ காற்றில் பிடித்துத் திருகியது. மன்னாரில் பிறந்தவளுக்கு அந்தக் கைவேலை தெரியாதா? இறாலின் தலையைக் கிள்ளுகிறார். ஆனால் உடலைப் பிடிக்க மற்றக் கை வேண்டுமே. அது மடியில் செத்துக் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். அக்கா தன் கையை நீட்டினார். அவருடைய வலது கை இருக்கவேண்டிய இடத்தில் தன் கையை வைத்து, அந்த இல்லாத இறாலைப் பிடித்துக்கொண்டார். அவர் தலையைக் கிள்ளினார், கோதை உரித்தார், நரம்பை இழுத்தார், முகர்ந்து பார்த்தார். முகம் கோணிப்போயிற்று. தூக்கி எறிந்தார். எறிந்த பக்கத்தில் நின்ற மேலாளர் ஒதுங்கினார், உண்மையாகவே.

மூவரும் சிரித்தார்கள். அடுத்த இறாலை எடுத்தார்கள். அதற்கடுத்ததையும். ஒரு குவியல் உரித்து முடிந்ததும் அக்கா தன் விரல்களை முகர்ந்து பார்த்து, "ஐயோ!" என்று மூக்கைப் பொத்தினார். எழும்பிக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவத் தொடங்கினார். வா என்று கூப்பிடவில்லை.

கிழவர் தன் விரலை முகர்ந்தார். தண்ணீர்ச் சத்தம் வந்த பக்கம் பார்த்தார். பொல்லை ஊன்றி எழும்பி, மெல்ல மெல்ல நடந்து போய்க் கையை நீட்டினார். அக்கா சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டார். பிறகு அவருடைய சட்டைக் கையை மணந்து பார்த்துத் தலையை ஆட்டினார். கிழவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அவருடைய கண்ணிலேயே தெரிந்தது. ஒரு கண்ணைச் சிமிட்டி, "ஃபேர் இனஃப்," என்று மேல் பொத்தானைக் கழற்றினார். கதவு மூடியது.

குளிப்பு முடிந்து, தலை சீவி, புதுச் சட்டையோடு அவரைக் கதிரையில் இருத்திவிட்டு அக்கா நடைக்கூடத்துக்கு வந்தார். கை முட்டிவரை நனைந்திருந்தது. மேலாளர், "அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? சொல்லட்டுமா?" என்றார்.

"வேண்டாம்," என்றார் அக்கா. "அது அவரிட்ட இருக்கிற கதை. இண்டைக்குப் பாதிதான் சொன்னவர். மிச்சத்தை நாளைக்கு அவரிட்டயே கேக்கிறன்."

"நாளைக்கு உங்களுக்குச் சலவை அறையில்தானே வேலை?"

"ஓம். அதை நீங்கள்தான் மாத்த வேணும்."

மேலாளர் சடாரென்று என் பக்கம் திரும்பினார். "நாளையிலிருந்து அக்கா மேலே. வேறு ஆள் வரும்வரை கீழே நீங்கள் தனியாகச் சமாளிப்பீர்களா?"

வழக்கமாக நான் தலையை ஆட்டுவேன்.

"ஓம், சமாளிப்பன். அவவை மேலையே விடுங்கோ," என்றேன். எந்த மொழியில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. நடைக்கூடம் முழுக்கக் கேட்டது.